நிறுத்தியவரைக் கேட்கக் கூடாது

அத்தியாயம் பதினொன்று

மேடைக்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் அவள். மறுமுனையில் அவள் கணவன். நடுவில் ரயில்.

பூங்காவிலேயே பெரிய ரோலர் கோஸ்டர் அது. மின்னல் என்று பெயர். அதைக் கிளப்ப இரண்டு பொத்தான்களை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். ஒன்று அவள் முன்னால் இருக்கும் பேனலில். இன்னொன்று அவன் நிற்கும் தூணில். ஒருவர் மட்டும் அழுத்தினால் ரயில் அசையாது.

அழுத்துவதற்கு முன்னால் இருவரும் கையை உயர்த்துவார்கள். பார்த்தாயிற்று, போகலாம் என்று அர்த்தம்.

அன்று சனிக்கிழமை. காலையிலிருந்து எத்தனையோ முறை கை உயர்த்தியாயிற்று. பேச்சு மட்டும் இல்லை.

அவனைப் பூங்காவில் கம்பி அண்ணன் என்பார்கள். உட்கார்ந்தவர்களின் மடிமேல் இறங்கும் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது அவன் வேலை. அவளுக்குப் பட்டப்பெயர் இல்லை. மின்னல் மேடையில் அக்கா என்றால் அவள்தான்.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். இதே நிறுவனம் கடலோர நகரம் ஒன்றில் புதிய பூங்கா கட்டுகிறது. அங்கே மின்னலைவிடப் பெரிய ரயில். அதற்குப் பொறுப்பாளராக அடுத்த மாதம் அவளை வரச் சொல்கிறார்கள். ஒரு வருஷம். பிறகு திரும்பி வந்துவிடலாம்.

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்தான்.

மேடையில் அதற்கு நிறுத்து என்று பொருள். யார் வேண்டுமானாலும் கையைக் குறுக்கே வைக்கலாம். வைத்தால் ரயில் நின்றாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, மேலாளர்கூட. இன்று கேள்வி கேட்டால் நாளைக்கு ஒருவன் நிறுத்தத் தயங்குவான். நிறுத்தியவர் தானாக வந்து காரணம் சொல்வார். அதுவரை காத்திருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் இந்த வழக்கத்தை விளையாட்டாக வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். சண்டை முற்றும்போது ஒருவர் கையைக் குறுக்கே வைப்பார். மற்றவர் வாயை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் காரணம் தானாக வரும். பெரும்பாலும் பசி.

இந்த முறை வரவில்லை. அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவள் கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அப்படியே வாரம் ஓடிவிட்டது.

இன்று பூங்கா மூடுவதற்குள் மேலாளரிடம் அவள் பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் போக ஆசை. புது ரயிலை முதலில் மணல் மூட்டைகளை உட்காரவைத்துத்தான் ஓட்டுவார்கள். அந்த முதல் ஓட்டத்தை அவள் பார்த்ததில்லை. மின்னலுக்கு அவள் வந்தபோது அது ஏற்கெனவே பலபேர் கைபட்டுப் பழகிய ரயில். ஒரு ரயிலை அதன் முதல் நாளிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தபோதுதான் அவன் கை குறுக்கே போனது.

*

மகள் அத்தையோடு வந்தாள்.

மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சிறியதாக இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கணக்குப் போடுகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். பெயர் மட்டும் வளரவில்லை.

மின்னலின் வாசலில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த உயரக்கோல் ஒன்று இருக்கிறது. அதன் மூக்கைத் தொடும் உயரம் இருந்தால்தான் ஏறலாம். சொந்தப் பிள்ளையை அளக்கப் பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. பெற்றவர்கள் கோலைப் பார்ப்பதில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது பூங்காவின் எண்ணம்.

வாசலில் நிற்கும் பெண்தான் அளந்தாள். குதிகாலைக் கீழே வை என்றாள். சுண்டு வைத்தாள். பின்னலை மேலே தூக்காதே என்றாள். சுண்டு கீழே இறக்கினாள். அப்படியும் தலை மூக்கைத் தொட்டது.

அத்தை மேடையோரத்துத் தடுப்பில் சாய்ந்து நின்றாள். அவனுக்கு மூத்தவள். எங்கே போனாலும் நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருக்க மாட்டாள். தம்பி அருகில் வந்ததும் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மூஞ்சியை ஏண்டா இப்படி வெச்சிருக்கே? ஏற வர்றவங்க உன்னைப் பார்த்தே இறங்கிடப் போறாங்க."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சுண்டு முதல் பெட்டியில் முதல் வரிசையைப் பிடித்தாள். அவன் பின்னாலிருந்து கம்பிகளை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். மகளிடம் வந்து அவளுடைய கம்பியை இழுத்தான். சரியாக இருந்தது. மறுபடியும் இழுத்தான்.

சுண்டுவின் விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகி வெளுத்திருந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை. தண்டவாளம் மேலே ஏறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயமா என்று மெல்லக் கேட்டான். இல்லை என்று தலையசைத்தாள். வேண்டாமென்றால் இறங்கிவிடலாம், இன்னொரு நாள் ஏறலாம் என்றான்.

"இன்னொரு நாள்னா அம்மா இருக்க மாட்டா. அம்மா போறதுக்குள்ள ஏறிடணும்பா. முதல் தடவை அம்மாதான் என்னை அனுப்பறேன்னு சொல்லியிருக்கா. சீக்கிரம் விட்டுடுங்க."

அவன் தன் தூணுக்குத் திரும்பினான்.

பேனலில் அவள் கையை உயர்த்தினாள். அவன் கை உயரவில்லை. பொத்தானைப் பார்த்தான். மகளின் பின்னந்தலையைப் பார்த்தான்.

கைகளைக் குறுக்கே வைத்தான்.

*

அவள் உடனே பேனலிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். வரிசையில் முனகல் எழுந்தது. மேலே கண்ணாடி அறையில் மேலாளர் எழுந்து நின்று பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் மேடையின் நீளம் முழுவதும் நடந்து அவளிடம் வந்தான். நிறுத்தியவர்தான் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை.

"கம்பி சரியாத்தான் இருக்கு" என்றான்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் வார்த்தை அது.

"சுண்டு பயப்படறா."

"சொன்னாளா?"

"சொல்லல. நீ போறதுக்குள்ள ஏறிடணுமாம்."

அவள் அவன் தோளைத் தாண்டிப் பார்த்தாள். சுண்டு திரும்பாமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று மேடையில் ஒரு தந்திரம் உண்டு. யாராவது பயந்தால் அவரை மட்டும் இறக்க மாட்டார்கள். முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் இறங்கி இடம் மாறி உட்காருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்தக் குழப்பத்தில் பயந்தவர் நழுவிவிடலாம். யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இதனால் மானம் தப்பியவர்களில் தடித்த மீசைக்காரர்களும் உண்டு.

அவள் ஒலிபெருக்கியில் அதைச் சொன்னாள். கம்பிகள் எழும்பின.

ஆனால் சுண்டு இந்த வீட்டுப் பெண். அந்த அறிவிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இறங்கினாள். பேனலில் இருந்த அம்மாவை ஒரு முறை பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. வெளியே போகும் கதவைத் தானே தள்ளிக்கொண்டு போனாள்.

ஏன் இறங்கினாய் என்று அத்தை கேட்டது மேடைவரை கேட்டது. மகளின் பதிலும் கேட்டது.

"நான் இறங்கல. அப்பா இறக்கிட்டாங்க."

ரயில் அவள் இல்லாமல் கிளம்பியது.

*

மதியம் மின்னலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. மேடைக்குப் பின்னால் பழைய சக்கரங்களைப் போட்டுவைக்கும் அறையில் உட்காருவார்கள். இந்த வாரம் முழுவதும் அவன் வெளியே மரத்தடியில் சாப்பிட்டான். இன்று உள்ளே வந்து ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்தான்.

இருவரும் டப்பாக்களைத் திறந்தார்கள்.

"ஏன்?" என்று அவள் கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து நிறுத்தியவரை ஏன் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

"சுண்டுவையா?"

"அவளை ஏன்னு தெரியும். அன்னிக்கு ராத்திரி ஏன்?"

அவன் டப்பாவை மூடினான். பிறகு திறந்தான்.

"போனா நீ நல்லாப் பண்ணுவே."

"அதுக்கா நிறுத்தினீங்க?"

"நல்லாப் பண்ணினா அவங்க உன்னை விட மாட்டாங்க. உனக்கும் அங்கேயே பிடிச்சுப்போகும். இங்க என்ன இருக்கு. பழைய ரயில். நான்."

அவன் சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். ரப்பர் தேய்ந்து ஓரத்தில் பிசிறாகியிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நீ கேட்கல."

"கேட்கக் கூடாதுன்னு வெச்சிருக்கோம்."

"ஆமா."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம் என்பது போல ஒரு நொடி கடந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. இன்னிக்கு அவ நிறுத்தல. நீங்க நிறுத்தினீங்க. பயத்தோடயே போகணும்னு அவ உக்காந்திருந்தா. நீங்க பயந்துட்டு அவளை இறக்கிட்டீங்க." சற்று நிறுத்தினாள். "என்னையும்."

அவன் ரப்பர் பிசிறு ஒன்றைப் பிய்த்தான். பிறகு, மாலையில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். அது உண்மைதான். காலையில் அவளுக்கு இருந்த பிடிவாதம் இப்போது இல்லை. கோபம் இருந்தவரை முடிவு சுலபமாக இருந்தது.

தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவன் டப்பாவில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

பிற்பகலில் அத்தை ஒரு முறை மேடைப்பக்கம் வந்து நிலவரம் சொல்லிவிட்டுப் போனாள். சுண்டு மரக்குதிரை ராட்டினத்தில் திரும்பத் திரும்ப ஏறுகிறாள். குதிரைமேல் உட்கார்ந்து யாருக்கோ துக்கம் கேட்கப் போகிறவளைப் போல முகத்தை வைத்திருக்கிறாள். ராட்டினக்காரர் சிரிக்கவைக்கப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. கடைசியில் ஐஸ்கிரீமை அத்தையே சாப்பிட வேண்டியதாயிற்று.

வெயில் சாய்ந்து வரிசை குறைந்தபோது சுண்டு தானாக வந்தாள். அத்தை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் இருந்த பெண் மறுபடியும் அளந்தாள். விதி விதிதான். காலையிலிருந்து இதற்குள் குறைந்திருக்க மாட்டேன் என்று சுண்டு சொன்னாளாம்.

மேடையேறி நேராக அப்பாவிடம் போனாள்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா கையைக் குறுக்கே வெக்கறதா இருந்தா நான் வெப்பேன். நீங்க வெக்கக் கூடாது."

சரி என்றான்.

"அம்மா பேனல்லதான் இருக்கணும். இறங்கி வந்து பக்கத்துல உக்காரக் கூடாது."

அதையும் அம்மாவிடம் போய்ச் சொன்னான். பேனலிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்து வைத்திருந்தவள் அந்தக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்படியானால் பக்கத்தில் யார் என்று கேள்வி வந்தது. சுண்டு திரும்பினாள்.

அத்தை நாற்காலிமேல் ஏறி மின்விளக்கு மாற்றக்கூட ஆள் தேடுபவள். முதலில் முழங்கால் வலி என்றாள். பிறகு கைப்பையை யார் பார்த்துக்கொள்வது என்றாள். வாசல் பெண் கைப்பையை வாங்கிக்கொண்டாள். இவளுக்கு யார் இந்த வேலை சொன்னது என்று முணுமுணுத்தபடி அத்தை போய் உட்கார்ந்தாள்.

அவன் கம்பிகளை இழுத்துப் பார்த்தான். தன் அக்காவின் கம்பியை இழுத்தான். மகளின் கம்பியை ஒரே ஒரு முறை இழுத்தான். எதுவும் கேட்கவில்லை. அவள் விரல்கள் காலையைப் போலவே வெளுத்திருந்தன.

"தம்பி, இதுல எதுவும் கழண்டுக்காதே?" என்றாள் அத்தை.

"கழண்டுக்காது அக்கா."

"சத்தியமா?"

"உன் வாய்க்கு மட்டும்தான் அக்கா, பூட்டு இல்ல."

அவன் தூணுக்குப் போனான். அவள் பேனலில் கையை உயர்த்தினாள். அவன் மகளைப் பார்த்தான். மகள் கைகள் இரண்டும் கம்பியில்தான் இருந்தன. குறுக்கே போகவில்லை.

அவன் கையை உயர்த்தினான்.

இருவரும் அழுத்தினார்கள்.

ரயில் மேடையை விட்டு நகர்ந்து ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. சங்கிலியின் கடகடப்பு. உச்சியில் ஒரு நொடி நின்றதைப் போல இருந்தது. பிறகு விழுந்தது. எல்லாக் குரல்களுக்கும் மேலே அத்தையின் குரல் கேட்டது. ரயில் வளைவுக்குப் பின்னால் மறைந்ததும் அதுவும் தேய்ந்தது.

மேடை காலியாக இருந்தது. ரயில் இல்லாதபோது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இவ்வளவு தூரமா என்று அவனுக்குத் தோன்றியது. அவள் பேனல் திரையில் பெட்டிகள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ரயில் வந்து நின்றது.

கம்பிகள் எழும்பிய பிறகும் அத்தை தன் கம்பியை விடவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா."

"கண்ணைத் திறக்கலாமா?"

சுண்டு ஏற்கெனவே இறங்கியிருந்தாள். அழுதிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் கீழே வழியாமல் காற்றில் பின்னோக்கி ஓடிக் காதுவரை கோடு போட்டிருந்தது. பின்னல் அவிழ்ந்து கிடந்தது. மேடை முழுவதும் நடந்து பேனலுக்கு வந்து அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள்.

பயமாக இருந்ததா என்று அம்மா கேட்டாள். ரொம்ப என்று தலையசைத்தாள். மறுபடியும் ஏறுவாயா என்றாள். யோசித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப நீ போகலாம்மா."

அவளுக்குப் பேனல் மங்கலாகத் தெரிந்தது. அடுத்த ரயிலுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் தூணிலிருந்து கையை உயர்த்திக் காத்திருந்தான். அவள் கண்ணைத் துடைத்து, எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகே கையை உயர்த்தினாள்.

*

பூங்கா மூடும் அறிவிப்பு வந்ததும் அவள் மேலாளர் அறைக்குப் படியேறினாள்.

மேலாளர் நல்லவர். சுற்றி வளைக்காமல் பேசுவார். அவள் வருகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டார். பிறகு இரண்டு விஷயங்கள் சொன்னார். இரண்டும் காலையில்தான் தனக்கே தெரியும் என்றார். வேண்டுமானால் இப்போதுகூட மறுத்துவிடலாம் என்றார்.

அவள் சன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ஊழியர்கள் காலணி மாற்றும் இடத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சுண்டுவின் பின்னலைப் போட முயன்றுகொண்டிருந்தான். அது பின்னலைப் போல இல்லை.

மறுக்கவில்லை என்றாள்.

கீழே வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. அத்தைகூட.

"என்ன சொன்னே?" என்று அவன் கேட்டான்.

"வரேன்னு சொல்லிட்டேன்."

அவன் தலையாட்டினான். கையில் பின்னலின் நுனி இருந்தது. கட்ட ரிப்பன் இல்லை.

"திங்கட்கிழமையே வரணுமாம். மணல் மூட்டையை ஏத்தத் தேதி குறிச்சுட்டாங்க."

"திங்களா? அடுத்த மாசம்தானே சொன்னாங்க."

"இப்ப இப்படிச் சொல்றாங்க."

அவன் பின்னலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் எங்கும் போகவில்லை. முடியைப் பிடித்தபடியே இருந்தன.

ஒரு வருஷம்தானே என்று சுண்டு சொன்னாள். அடுத்த வகுப்பு முடிவதற்குள் ஓடிவிடும் என்றாள். அத்தை அவள் தலையைத் தடவினாள்.

அவள் குனிந்து காலணியின் வாரை அவிழ்த்தாள். மேலாளர் சொன்ன இரண்டாவது விஷயம் அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான். ஒரு வருஷம் இல்லை, இரண்டு.

"நாளைக்கு லீவு போடு" என்றான் அவன். "நானும் போடறேன்."

"நாளைக்கு ஞாயிறு."

"தெரியும்."

"மாத்துக்கு அந்த வாசல் பொண்ணு ஒருத்திதான் இருக்கா. ரெண்டு பேரும் இல்லன்னா ரயில் ஓடாதுங்க."

"ஓட வேண்டாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காய்ச்சலில்கூட மேடைக்கு வந்து நின்றவன். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நாளைக்கு எங்க போலாம்?" என்றாள் சுண்டு.

இருவரும் யோசித்தார்கள். விடுமுறை என்றால் ஊரே இங்கே வரும். இங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எங்காவது சும்மா உட்காரலாம் என்றான் அவன். எங்காவது என்றால் எங்கே என்றாள் மகள்.

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள் அத்தை. "அங்க எதுவும் சுத்தாது. என் தலையைத் தவிர."

முதலில் சுண்டு சிரித்தாள். பிறகு அவன். கடைசியில் அவளும் சிரித்தாள். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. சிரித்து முடித்தபோது அவள் தோள் அவன் தோளில் சாய்ந்திருந்தது. அவன் நகரவில்லை.

இரண்டு வருஷம் என்பதை இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

சுண்டு அவள் மடியில் தலையை வைத்து, அப்பா போட்ட பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னாள்.

அவள் முடியை மூன்றாகப் பிரித்தாள். மெதுவாகப் பின்னத் தொடங்கினாள்.